அப்பாகிட்ட சொல்லு

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள மதிக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்த முறை கேட்க மனசு வரவில்லை. சுகமாகத்தான் இருப்பாய்.

அம்மா ஃபோன் எடுக்கவில்லையே, வாட்ஸாப்பில் நீலக் குறி விழுந்தும் பதில் இல்லையே என்று குழம்பிக்கொண்டிருப்பாய். காரணம் இதுதான்: இனிமேல் என் குரல் உனக்குக் கிடைக்காது. ஃபோன் கிடையாது, வாய்ஸ் மெசேஜ் கிடையாது. எழுதத்தான் போகிறேன். பேப்பரைத் திரையில் போட்டு யாரையும் சிரிக்க வைக்க முடியாது அல்லவா?

நேற்று தமிழ்ப் பள்ளியில் பொங்கல் விழா. பிப்ரவரியில் என்ன பொங்கல் என்று கேட்காதே. இந்த ஊரில் ஹால் கிடைக்கிற அன்றைக்குத்தான் பொங்கல். நான் அரிசிம்பருப்புச் சாதம் பெரிய ட்ரே நிறையக் கொண்டுபோயிருந்தேன். பரிமாறிக்கொண்டிருந்தபோது விஷாகாவின் மகள் பிரீத்தி ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஆன்ட்டி, நம்ம வான்மதியோட காலேஜ் பேஜ்ல அவங்க படத்தோட ட்ரெய்லர் போட்டிருக்காங்க. இதுல இருக்கறது உங்க வாய்ஸ்தானே? சோ ஃபன்னி!" என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

கரிக்கோடாக ஒரு பொம்பளை. கையில் கரண்டி, காதோரம் ஃபோன். அவள் வாயைத் திறந்தால் என் குரல் வருகிறது. "அப்பாகிட்ட சொல்லு, தோசை ஆறிப்போகுதுன்னு." மாடியில் ஒரு ஆள் ஃபோனைப் பார்த்துவிட்டு, "சரின்னு சொல்லு" என்கிறான். அது உன் அப்பா குரல். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுவதால் தமிழ் தெரியாத பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாரதா மட்டும் சிரிக்காமல், "ஏன் வசந்தாக்கா, நெஜமாவே நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட, அது சும்மா நடிப்பு. மதி எழுதிக் குடுத்தா, நாங்க படிச்சோம்" என்றேன். ஆக்டிங் சூப்பர் என்று கைதட்டினார்கள். வார்த்தைக்கு வார்த்தை உண்மை பேசு என்று இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் நான்.

உன் அப்பா அந்த நேரம் பார்க்கிங்கில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் தெரியாது. தெரிவதற்குள் அந்தப் படத்திலிருந்து என் குரலை எடுத்துவிடு கண்ணு. கேட்டுக்கொள்கிறேன். பத்து வருஷமாக நான்கு சுவருக்குள் வைத்திருந்ததை நீ போஸ்டர் அடித்து ஒட்டுகிறாய்.

அம்மா
வசந்தாமணி

பி.கு.: அப்பாவிடம் சொல், ஃபர்னஸ் ஃபில்டர் மாற்ற வேண்டும். கீழே ஹால் ஜில்லென்று கிடக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாளாகும் என்று தெரியும். வந்ததும் சொல்லிவிடு.


கெண்ட், பெல்ஜியம்
பிப்ரவரி 23, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. என் தமிழில் தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பாதே. நீ சொல்லிக்கொடுத்த தமிழ்தான்.

ட்ரெய்லர் வெளியாவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஹாலில் எல்லார் முன்னாலும் நீ நின்றதை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபில்டர் விஷயத்தை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஃபர்னஸும் நீயும் அப்பாவும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் குளிரை நியூ ஜெர்சியிலிருந்து பெல்ஜியத்துக்கு அனுப்பி, நான் அதைத் திரும்ப நியூ ஜெர்சிக்கு அனுப்பினால்தான் அது மாடிப்படி ஏறுமா?

நான் இங்கே என்ன படிக்கிறேன் என்று உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. அனிமேஷன் என்றால் கம்ப்யூட்டர் தானாகச் செய்துகொள்ளும் என்று அப்பா இன்னமும் நினைக்கிறார். எங்களுக்கு முதலில் குரல், அப்புறம்தான் படம். நான் ஒரே தாளில் கரித்துண்டால் வரைகிறேன். வரைந்ததை மேலே இருக்கிற கேமராவில் பிடித்துவிட்டு, வாயை மட்டும் துணியால் துடைத்து, அடுத்த வாயை வரைய வேண்டும். நீ ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிற வாக்கியம் எனக்கு ஒரு வார வேலை. உதடு எப்படி அசைகிறது என்று தெரிய, பக்கத்தில் கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நீ சொன்னதை நானே சொல்லிப் பார்ப்பேன். இந்த வருஷம் முழுவதும் நான் பேசியது உன் பேச்சைத்தான்.

இது நான் திட்டம் போட்டுச் செய்தது இல்லை அம்மா. முதல் வருஷம் எங்கள் ஆசிரியை ஹில்டே, உங்கள் வீட்டில் தினமும் கேட்கும் சத்தம் ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்றார். ஒருவன் ஆட்டுமணிச் சத்தம் கொண்டு வந்தான். நான் ஃபோனைத் திறந்து உன் மெசேஜ் ஒன்றைப் போட்டேன். என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். அப்பாவிடம் தோசை ஆறுகிறது என்று சொல்லச் சொல்கிறார் என்றேன். அப்பா எங்கே? மாடியில். நீ எங்கே? இங்கே, உங்களோடு. வகுப்பே சிரித்தது. ஹில்டே மட்டும் சிரிக்காமல், "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நயாகரா போனது ஞாபகம் இருக்கிறதா? முன்சீட்டில் நீங்கள் இரண்டு பேரும், பின்சீட்டில் நான். "அப்பாகிட்ட சொல்லு, அடுத்த எக்ஸிட்ல நிறுத்தோணும்னு." "அம்மாகிட்ட கேளு, இப்பவே போகணுமான்னு." நான் தூங்கிவிட்டால் எழுப்பிவிட்டுச் சொல்லச் சொல்வீர்கள். காலேஜ் வந்தால் விட்டுவிடும் என்று நினைத்தேன். இங்கேயும் வகுப்பு நடுவில் ஃபோன் அதிரும். வெளியே போய் உன் மெசேஜை அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, அவருடைய "சரி"யை உனக்கு அனுப்பிவிட்டு வந்து உட்காருவேன்.

உன் குரலை எடுத்துவிட்டால் இந்தப் படமே இல்லை. படம் இல்லாவிட்டால் ஜூனில் எனக்குப் பட்டம் இல்லை. என்னைப் புரிந்துகொள்.

அன்புடன்
மதி


பிஸ்கட்டவே
மார்ச் 9, 2025

அன்புள்ள மதிக்கு,

ஃபில்டரை நானே மாற்றிவிட்டேன். யூடியூபில் பார்த்து ஏணி போட்டு ஏறினேன். நீ நிம்மதியாக இரு.

உன் கடிதத்தில் ஒற்றுப்பிழைகள் இருந்தன. பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

எப்போதிலிருந்து என்று உன் ஆசிரியை கேட்டால் வாயடைத்து நின்றாயாமே? உனக்கா தெரியாது? கோபியில் என் அப்பா இறந்த தகவலை உன் மாமா, உன் அப்பாவின் ஆபீசுக்குத்தான் ஃபோன் பண்ணிச் சொன்னான். நமக்கு விசா ஸ்டாம்பிங் பாக்கி இருந்த சமயம். நான் கிளம்பிப் போய், கான்சுலேட்டில் மாட்டிக்கொண்டால் திரும்ப வர முடியாது, நீ அம்மா இல்லாமல் நிற்பாய் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தார். நான் பரிமாறியதைச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார். அதற்குள் அங்கே எரித்து முடித்துவிட்டார்கள். சாப்பிடும்போது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றார். அப்படிச் சாப்பிட்டுக் கை கழுவியவரிடம் நான் என்ன பேசுவது?

அது உனக்கு கார்ட்டூன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நீ அனிமேஷன் படிக்கிறேன் என்றபோது, "பொம்மை வரையறதுக்கு ஐரோப்பா போகணுமா?" என்று கேட்டவர் அவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல யுனிவர்சிட்டி இருக்கும்போது பெண்பிள்ளையைக் கண்காணாத ஊருக்கு அனுப்புவதா என்றார். நான்தான் விடாமல் நின்றேன். அவள் போகட்டும், அவளாவது நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போகட்டும் என்றேன். அதற்குத்தான் இந்த மரியாதையா?

இப்போது ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். போன தீபாவளி சமயம் அவருக்கு ஆபீசில் நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்களே. அவர் உனக்கு ஃபோன் பண்ண, நீ பெல்ஜியத்திலிருந்து எனக்குச் சொல்ல, நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று எழுதக்கூடக் கை கூசுகிறது. அதை நீ அவரிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவர் முகத்தில் தெரிந்திருக்கும். அதையும் படத்தில் வைத்திருக்கிறாயா?

வைத்திருந்தால் அதையாவது அழித்துவிடு கண்ணு. தோசை, பால், கராஜ் கதவு எல்லாம் வைத்துக்கொள். ஊர் சிரித்தால் நான் தாங்கிக்கொள்கிறேன். அந்த ஒன்று அவர் காதில் விழக் கூடாது. வாயில் வந்ததுதான், மனசில் இருந்தது இல்லை.

குளிர் விட்டிருக்கும். இருந்தாலும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

அம்மா


கெண்ட்
மார்ச் 30, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இருக்கிறது. படத்தின் கடைசி வசனமே அதுதான். "உங்கப்பா செத்தாக்கூட நீ சொல்லித்தான் எனக்குத் தெரியோணும்னா, அது எனக்குத் தெரியவே வேண்டாம்னு சொல்லு."

தாத்தா விஷயத்தில் அப்பா செய்தது எனக்கும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குப் பதிமூன்று வயது. மறுநாள் காலையில் நீ என்னைக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட சொல்லு, டிபன் டேபிள் மேல இருக்குதுன்னு" என்றாய். நான் போய்ச் சொன்னேன். அன்று தொடங்கியது. கோபம் உங்களுடையது. சுமந்தது யார்?

நீ கேட்டதற்கு உண்மையாகவே பதில் சொல்கிறேன். அந்த ஒரு மெசேஜ் மட்டும் இல்லை, இத்தனை வருஷத்தில் நீ சொன்னதில் பாதியை நான் அப்பாவிடம் கொண்டுபோனதில்லை. அவர் சொன்னதில் பாதியை உன்னிடம் கொண்டுவந்ததில்லை. "அந்த ஆளு"வை "அப்பா" ஆக்கினேன். "அவளுக்கு வேற வேலை இல்ல"வை "சரி" ஆக்கினேன். உங்கள் வீட்டில் சண்டை பெரிதாகாமல் இருந்தது நீங்கள் பொறுமைசாலிகள் என்பதால் இல்லை. நான் வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. உன் மெசேஜ்களை ஹெட்ஃபோனில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. கேட்கக் கேட்கப் பின்னால் இருக்கிற சத்தமெல்லாம் தெரிய ஆரம்பித்தது. உன் குரலுக்குப் பின்னால் அப்பா இருமுகிறார். நாற்காலியை இழுக்கிறார். அவர் மாடியில் இருக்கிறார் என்றுதான் நான் வரைந்து வைத்திருந்தேன். அவர் டைனிங் டேபிளில் உனக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். நீ சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு, நான் அனுப்புகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் "சரி" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். தோசை அவர் கண் முன்னால் ஆறியிருக்கிறது. ஏன் அம்மா? இரண்டு பேருக்கும் இது என்ன விளையாட்டு?

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று படம் முழுவதையும் அப்பாவுக்கு அனுப்பினேன். எதையும் வெட்டவில்லை. நீ பார்க்கிங்கில் பேசியதும் இருக்கிறது. நீ சொல்லச் சொன்னதை ஒரு தடவையாவது அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இதுதான் நான் கொண்டுபோகிற கடைசிச் சேதி. இனிமேல் என் வழியாக ஒன்றும் போகாது, வராது.

கோபப்படுவாய். படு. ஆனால் அவரிடம் படு. இத்தனை வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், நீங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஒரு தடவை பேச வேண்டும். திட்டிக்கொண்டாலும் சரி.

ஜூன் மூன்றாவது வாரம் படத்தைப் பெரிய திரையில் காட்டுகிறார்கள். இரண்டு பேரும் வாருங்கள். என் அறையில் தங்கலாம். அந்த ஹாலில் எனக்கு இரண்டு பக்கமும் நீங்கள் இருந்தால் போதும், வேறு யார் கைதட்டினாலும் தட்டாவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

அன்புடன்
மதி


பிஸ்கட்டவே
மே 4, 2025

மதிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பேசுவதற்கு நிறைய இருந்தது.

உன் அப்பா பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்திருக்கிறார். மேலே வரும்போது நான் சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "வசந்தா, செத்த இப்படி உக்காரு" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டு அத்தனை காலமாகியிருந்தது. குழாயை மூடாமலே போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து போய் மூடிவிட்டு வந்தார்.

"நெஞ்சு வலிச்சப்ப உன் நம்பரத்தான் மொதல்ல எடுத்தேன். நீ எடுக்கலீன்னா அதத் தாங்கமாட்டேன்னுட்டுப் புள்ளைக்குக் கூப்பிட்டேன்" என்றார். நான் அந்த ரசத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது நினைவே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என் அப்பா விஷயத்தில் அவரை மன்னிக்கவில்லை, அதையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். காபி போட்டேன், ஆறியது, மறுபடி போட்டேன். மறுநாளும் பேசினோம். அதற்கு அடுத்த நாளும் பேசினோம்.

நீ நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்படு.

பேச்சு உன்னைப் பற்றித் திரும்பியதும் எங்களுக்குள் ஒரு வாக்குவாதமும் இல்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்தது இந்த ஒன்றில்தான். "நான் ஆஸ்பத்திரி பெட்ல கெடந்தப்ப நீ அழுதுட்டுச் சொன்னத, காட்டறதுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறா பாரு" என்றார் உன் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் குவித்துக் குவித்து அதை ஒரு வாரம் வரைந்தேன் என்கிறாயே, அந்த ஒரு வாரத்தில் ஒரு நாளாவது, இது என் அம்மா, இவள் பயந்துபோய்ப் பேசுகிறாள் என்று உனக்குத் தோன்றவில்லையா? ஃபோனை எடுத்து, "அம்மா, நான் இருக்கிறேன்" என்று சொல்லத் தோன்றவில்லையா? அன்று நீ எனக்குப் பதிலே அனுப்பவில்லை. அதை ஏன் என்று நான் இதுவரை கேட்கவில்லை. பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாய் என்று இப்போது தெரிகிறது.

உன்னை நடுவில் நிறுத்தியது நாங்கள்தான் என்பாய். ஆமாம், நிறுத்தினோம். ஆனால் அதற்கு நீ எடுத்துக்கொண்ட கூலி அதிகம்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். உன் அப்பாதான் கண்டுபிடித்துச் சொன்னார். நீ மட்டும் வடிகட்டாமல் இருந்திருந்தால் நாங்கள் முதல் மாதமே கத்தித் தீர்த்திருப்போம். ஒன்று சேர்ந்திருப்போம், இல்லை பிரிந்திருப்போம். இப்படி இரண்டும் இல்லாமல் கிடந்திருக்க மாட்டோம். அது நியாயமான பேச்சா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன்.

ஜூனில் எங்களால் வர முடியாது. நாங்கள் இரண்டு பேரும் கோபிக்குப் போகிறோம். என் அப்பா இருந்த வீட்டை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும், உன் அப்பா கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடாதே. நாங்களாகக் கூப்பிடும்போது வந்தால் போதும். எப்போது கூப்பிடுவோம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இந்த வீட்டில் இப்போதுதான் இரண்டு பேர் பேச ஆரம்பித்திருக்கிறோம். மூன்றாவதாக ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் எங்களுக்கு வாய் வராது.

படத்திலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். பட்டம் வாங்கு. எங்கள் குரல் கேட்க வேண்டும் போலிருந்தால் அதைப் போட்டுக் கேட்டுக்கொள்.

எழுதி முடித்ததும் இதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்பக் கடுமையாக இருக்கிறதா, எதையாவது மாற்றட்டுமா என்று கேட்டேன். மாற்ற வேண்டாம் என்றார். ஆபீஸ் போகிற வழியில் அவரே தபாலில் சேர்த்துவிடுவார்.

அம்மா
வசந்தாமணி

அப்பா
நஞ்சப்பன்